பொருட்களின் அதிர்வுத் தணிப்பும் கட்டமைப்புக் கணிப்பும்

யாழ்ப்பாணத்துச் சந்தைகளிற் சட்டி பானை வாங்குவோர் அதனை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரலால் தட்டிப் பார்த்தே விலை பேசுவர். ஒலி கணீரென்று எழுந்து சிறிது நேரம் நின்றால் பானை நல்லது. எழுந்தவுடன் அடங்கினால் எங்கோ கீறல் இருக்கின்றது என்று வைத்துவிடுவர். கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காது கண்டுவிடுகின்றது. இதற்குரிய காரணம் பௌதிகவியல் சார்ந்தது. கீறலின் இரு முகங்களும் அதிர்வின்போது ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வு அதிர்வின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகின்றது. அதிர்கின்ற பொருளிலிருந்து இவ்வாறு சக்தி இழக்கப்படுதலையே தணிப்பு என்கின்றோம்.

பொறியியலாளர் ஒரு பாலத்தையோ நீர்த்தாங்கியையோ அணையையோ காற்றும் பூமியதிர்ச்சியும் எவ்வாறு ஆட்டும் என்று கணிக்கும்போது தணிப்புக்கும் ஒரு பெறுமானம் கொடுக்கவேண்டியிருக்கின்றது. அப்பெறுமானத்தைக் கூட்டினால் விடையாக வரும் ஆட்டம் குறையும். கட்டடம் பாதுகாப்பானதாகத் தோன்றும். கணிப்பின் நோக்கில் மிகுந்த தணிப்பு நன்மையாகும். பானை வாங்குபவரின் நோக்கிலோ மிகுந்த தணிப்பு பழுதின் அறிகுறி. இவ்விரு நோக்குகளும் உண்மையானவை. இவை எங்கே முரண்படுகின்றன, அம்முரண்பாட்டைக் கவனியாது விட்டால் விளைவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று கணியங்கள்

அதிரும் கட்டமைப்பு ஒன்றின் இயக்கத்தை மூன்று கணியங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது திணிவு; இஃது இயக்க மாற்றத்தை எதிர்ப்பது. இரண்டாவது விறைப்பு, இஃது இடம்பெயர்ந்த கட்டமைப்பை மீண்டும் பழைய நிலைக்கு இழுப்பது. மூன்றாவது தணிப்பு, இஃது இயக்கத்தின் சக்தியை உறிஞ்சுவது. புறவிசையானது எந்நேரத்திலும் இம்மூன்றினாலும் எழும் விசைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாதல் வேண்டும். இதுவே இயக்கச் சமன்பாடு.

இம்மூன்றும் ஒரே தரத்தன அல்ல. திணிவை வரைபடத்திலுள்ள அளவுகளையும் பொருளின் அடர்த்தியையும் கொண்டு கணிக்கலாம். விறைப்பை அதே அளவுகளையும் யங்கின் மட்டையும் கொண்டு கணிக்கலாம். தணிப்பை அவ்வாறு கணிப்பதற்கு வழியில்லை. கொங்கிறீற்றின் நுண்கீறல்கள், மூட்டுகளிலுள்ள ஆணிகள், சுவரும் சட்டகமும் சந்திக்கும் இடைவெளிகள், அத்திவாரத்தின் வழியே மண்ணுக்குட் கடந்து செல்லும் அலைகள் ஆகிய யாவும் அதிற் பங்கு கொள்கின்றன. வரைபடம் இவற்றுள் எதனையும் காட்டுவதில்லை. ஆகவே தணிப்பு அளந்து அறியவேண்டியதொன்றாகும். அளவாத இடத்து அஃது ஊகிக்கப்படுகின்றது. ஊகம் காலப்போக்கில் வழக்கமாகி, வழக்கம் விதியாகிவிடுகின்றது.

அளக்கும் முறை

கட்டமைப்பை ஒருபுறம் இழுத்து விட்டுவிட்டால் அது தன் இயல்பு மீடிறனில் ஆடி, மெல்ல மெல்ல ஓயும். அடுத்தடுத்த உச்சங்களின் விகிதத்துக்கு இயற்கை மடக்கை எடுத்து, அதனை 2π ஆல் வகுத்தால் தணிப்பு விகிதம் கிடைக்கும். தணிப்பு விகிதம் என்பது, ஆட்டமே எழாதபடி தடுப்பதற்குப் போதுமான தணிப்பில் உண்மையான தணிப்பு எத்தனை பங்கு என்பதாகும். அதனைச் சதவீதத்திற் கூறுவது வழக்கம்.

மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க எளிய விதியொன்றும் உண்டு. ஆட்டம் பாதியாகக் குறைவதற்கு எத்தனை அலைவுகள் தேவைப்படுகின்றன என எண்ணி, 11 ஐ அவ்வெண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம் ஏறக்குறையச் சதவீதமாக வரும். 11 அலைவுகளிற் பாதியானால் 1 சதவீதம். ஏறத்தாழ இரண்டு அலைவுகளிற் பாதியானால் 5 சதவீதம்.

இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றினும் விளைவு பெரிது. கட்டமைப்பின் இயல்பு மீடிறனும் புறவிசையின் மீடிறனும் ஒன்றுபட்டுப் பரிவு நிகழும்போது, அசையாத சுமையினால் வரும் இடப்பெயர்ச்சி எத்தனை மடங்காகப் பெருகும் என்பதைத் தணிப்பே தீர்மானிக்கின்றது. தணிப்பு 5 சதவீதமாயின் 10 மடங்கு. 2 சதவீதமாயின் 25 மடங்கு. 1 சதவீதமாயின் 50 மடங்கு. கணிப்பவர் தாளில் 1 என்பதற்குப் பதிலாக 5 என்று எழுதினால், பரிவில் எழும் இடப்பெயர்ச்சி ஐந்திலொன்றாகச் சுருங்கிவிடுகின்றது. கொங்கிறீற்றைச் சேர்க்கவில்லை, உருக்கைச் சேர்க்கவில்லை, ஓர் எண்ணை மாற்றியதன்றி வேறெதுவும் செய்யப்படவில்லை.

றேலியின் வசதி

தணிப்பைக் கணிதத்திற் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் றேலிப் பிரபு. ஒலி பற்றிய கொள்கையை விளக்கும் அவரது நூல் 1877 இல் வெளிவரத் தொடங்கியது. தணிப்பு விசையானது வேகத்துக்கு விகிதசமமானது என்று அவர் கொண்டார். எண்ணெயினுள் அசையும் முசலத்தின் மீது எழும் பிசுக்குமை விசைக்கு இது பெரிதும் பொருந்தும். கொங்கிறீற்றுக்கோ உருக்குக்கோ இது பொருந்தும் என்பதற்கு அடிப்படை இல்லை. எனினும் சமன்பாடு எளிதாகத் தீர்வதால் அது நிலைபெற்றது.

பல பாகங்களையுடைய கட்டமைப்பில் திணிவும் விறைப்பும் எண்களின் தாயங்களாக எழுதப்படும். தணிப்புக்கும் ஒரு தாயம் வேண்டும். திணிவுத் தாயத்தை ஒரு மாறிலியாற் பெருக்கி, விறைப்புத் தாயத்தை வேறொரு மாறிலியாற் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் தணிப்புத் தாயம் வந்துவிடும் என்பதே றேலித் தணிப்பு எனப்படுவது. அம்மாறிலிகளை அல்பா, பீற்றா என்பர். தாயங்கள் இரண்டும் ஏலவே கணனியில் உள்ளன. புதிதாக எதனையும் அளக்கவேண்டியதில்லை. வசதி என்றால் இதுவே வசதி.

இவ்வசதிக்கு நாம் கொடுக்கும் விலையை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு கட்டடத்துக்குச் செக்கனுக்கு 1 அலைவு, செக்கனுக்கு 10 அலைவுகள் ஆகிய இரு மீடிறன்களிலும் தணிப்பு 5 சதவீதமாக இருக்கவேண்டும் என்று கொள்வோம். அப்போது அல்பா 0.571 ஆகவும் பீற்றா 0.00145 ஆகவும் அமையும். குறித்த இரு புள்ளிகளிலும் 5 சதவீதம் கிடைக்கின்றது. ஆயின் செக்கனுக்கு ஏறத்தாழ 3 அலைவுகள் நிகழும் இடத்தில் அது 2.9 சதவீதமாகத் தாழ்கின்றது. செக்கனுக்கு 50 அலைவுகள் நிகழும் இடத்திலோ 22.8 சதவீதமாக உயர்கின்றது. பொருள் ஒன்றே, ஆனால் மீடிறனுக்கு மீடிறன் வெவ்வேறு பொருள்போல் அது நடத்தப்படுகின்றது.

அல்பாவின் பௌதிகக் கருத்தும் நோக்கத்தக்கது. திணிவுக்கு விகிதசமமான தணிப்பு என்பது, கட்டடத்தின் ஒவ்வொரு துணிக்கையும் நிலத்தோடு அசையாது நிற்கும் கண்காணாத எண்ணெயில் அமிழ்ந்திருப்பதை ஒக்கும். மேற்கூறிய பெறுமானத்தைக் கொண்டு கணித்தால், எவ்வித நெளிவுமின்றி முழுமையாக நகரும் ஒரு பாறைகூட ஒரு செக்கனில் தன் வேகத்தின் 43 சதவீதத்தை இழந்துவிடும். காற்றில் எறிந்த கல் அவ்வாறு ஓய்வதை எவரும் கண்டதில்லை.

பொருளின் நினைவு

உண்மைப் பொருட்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன? 1927 இல் கிம்போல், லவெல் என்னும் இரு ஆய்வாளர்கள் பல திண்மங்களின் உள்ளுராய்வை அளந்தார்கள். ஓர் அலைவில் இழக்கப்படும் சக்தி, அலைவின் விரைவைப் பெரும்பாலும் சார்ந்ததன்று என்பது அவர்களின் முடிவு. பிசுக்குமை விதியின்படி மீடிறன் இரட்டித்தால் ஓர் அலைவின் இழப்பும் இரட்டிக்கவேண்டும். அவர்கள் அளந்த திண்மங்களில் அவ்வாறு நிகழவில்லை.

தகைப்பை ஓர் அச்சிலும் விகாரத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால், ஏறும்போது வரையும் கோடும் இறங்கும்போது வரையும் கோடும் ஒன்றாக அமைவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய தடம் ஒன்று தோன்றும். அத்தடத்தின் பரப்பளவே ஓர் அலைவில் வெப்பமாக மாறிய சக்தி. திண்மங்களிற் பலவற்றில் இப்பரப்பளவு வீச்சத்தோடு விரைவாகக் கூடுகின்றது. மீடிறனோடு பெரிதும் மாறுவதில்லை.

இதனைக் கணிதத்திற் கூறுதற்கு விறைப்பைச் சிக்கலெண்ணாகக் கொள்ளும் முறை தோன்றியது. ஒரே மீடிறனில் இடையறாது ஆடும் இயந்திரத்துக்கு அது செவ்வையான விடையைத் தருகின்றது. ஆனால் பூமியதிர்ச்சியும் புயற்காற்றும் ஒரே மீடிறனில் வருவன அல்ல. அவை தொடங்கி, வளர்ந்து, ஓய்வன. அவற்றுக்கு நேரத்தின்படி செக்கனைச் சிறு கூறுகளாக்கிக் கணிக்கவேண்டும். அங்கே சிக்கலெண் முறையை அப்படியே பிரயோகித்தால் விந்தையான முடிவொன்று வருகின்றது: அடி விழுவதற்கு முன்னரே கட்டமைப்பு அசையத் தொடங்கிவிடுகின்றது. விளைவு காரணத்தை முந்துகின்றது. கிராண்டல் என்னும் அறிஞர் 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இக்குறையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

இவ்விக்கட்டிலிருந்து விடுபடும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திறக்கப்பட்டிருந்தது. இக்கணத்திலுள்ள தகைப்பு இக்கணத்திலுள்ள விகாரத்தை மாத்திரம் சார்ந்ததன்று. முன்னர் நிகழ்ந்த விகாரங்கள் அனைத்தையும் சார்ந்தது என்று போல்ற்ஸ்மான் 1870களிற் கூறினார். பொருளுக்கு ஒருவகை நினைவு உண்டு. அந்நினைவு நாளடைவில் மங்கும் என்பது அவர் கருத்தின் சாரம். மாக்ஸ்வெல் காட்டிய எளிய மாதிரியுருவில், ஒரு வில்லும் ஒரு தணிப்பியும் தொடராக இணைக்கப்படுகின்றன. அதன் நினைவு ஒரு குறித்த கால அளவில் மங்குகின்றது. அதனோடு இன்னொரு வில்லைச் சமாந்தரமாக வைத்தால் ஒரு மீடிறனின் அயலில் மாத்திரம் மிகுந்த இழப்பைக் காட்டும் பொருள் கிடைக்கும். வெவ்வேறு கால அளவுகளையுடைய இத்தகைய கிளைகள் நான்கைந்தை ஒன்றுசேர்த்தால், பரந்த மீடிறன் வீச்சில் ஏறத்தாழ மாறாத இழப்பைக் காட்டும் பொருள் கிடைக்கின்றது. கிம்போலும் லவெலும் அளந்து கண்டது இதனையே.

கணிப்பின் பழைய வரலாறு முழுவதையும் சேமித்து வைக்கவேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. ஒவ்வொரு கிளையின் நினைவும் அவ்வக்கணத்தில் ஓர் எண்ணாகச் சுருங்கி நிற்கும். அடுத்த கணத்தில் அவ்வெண் திருத்தப்படும். ஓரிலட்சம் புள்ளிகளும், ஒவ்வொரு புள்ளியிலும் ஆறு தகைப்புக் கூறுகளும், ஐந்து கிளைகளும் இருப்பின் முப்பது இலட்சம் எண்களைச் சேமிக்கவேண்டும். முற்காலக் கணனிகளுக்கு இது பெருஞ்சுமை. இன்று மேசைக் கணனிக்கு இது பொருட்டன்று. எனினும் றேலித் தணிப்பே பெரும்பாலான கணிப்புகளில் நின்று நிலவுகின்றது. கருவி மாறியபின்னும் பழக்கம் மாறவில்லை.

கொயினா தரும் பாடம்

இவையெல்லாம் ஏட்டளவிலான நுணுக்கங்கள் என்று எண்ணுவோர் கொயினா அணையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மகாராட்டிர மாநிலத்தின் சதாரா மாவட்டத்தில், கிருஷ்ணா நதியின் கிளையாறான கொயினாவின் குறுக்கே 103 மீற்றர் உயரத்தில் இக்கொங்கிறீற்று அணை கட்டப்பட்டது. 1967 டிசெம்பர் 11 ஆம் நாள் அதிகாலையில் அவ்விடத்திற் பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. ஏறத்தாழ 180 பேர் இறந்தனர். அணை உடையவில்லை, ஆனால் அதன் மேற்பகுதியிற் கிடையான கீறல்கள் தோன்றின. நீர் தேங்கும் பக்கத்திலும் மறுபக்கத்திலும் அவை காணப்பட்டன. அணையின் மறுபக்கச் சரிவு திடீரென மாறும் மட்டத்தின் அயலிலேயே அவை பெரும்பாலும் அமைந்தன.

அணையை வடிவமைத்தோர், அதன் நிறையின் 5 சதவீதத்துக்குச் சமமான அசையாத கிடைவிசையையே பூமியதிர்ச்சியின் விளைவாகக் கொண்டிருந்தனர். அணையினுள் வைக்கப்பட்டிருந்த கருவி நீரோட்டத் திசையிற் பதிவுசெய்த உச்ச ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலின் 49 சதவீதமாகும். அணையையும் அதனை ஆட்டிய அசைவையும் ஒருங்கே பதிவாகப் பெறுதல் அரிது. ஆதலால் கொயினா உலகெங்கும் உள்ள ஆய்வாளருக்கு உரைகல்லாயிற்று. 1973 இல் சோப்ராவும் சக்கரவர்த்தியும் அப்பதிவைக் கொண்டு நேரத்தின்படி கணித்து, கீறல் கண்ட மட்டத்தில் இழுவைத் தகைப்பு கொங்கிறீற்றின் வலிமையை விஞ்சியது என்று காட்டினர்.

அடுத்த தலைமுறையினர் ஒருபடி மேலே சென்றனர். கீறல் தோன்றுவதையும் அது வளர்வதையும் கணனியிலேயே தொடர முயன்றனர். அம்முயற்சிகளிற் பலவற்றில், அணையின் முதலாம் அதிர்வு வகைக்கு 3 சதவீதத் தணிப்பு வரும்படி பீற்றா தெரிவுசெய்யப்பட்டது. அணையின் முதல் இயல்பு மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 3 அலைவுகள். எனவே பீற்றா ஏறத்தாழ 0.0032 செக்கன் ஆகும். விறைப்புக்கு விகிதசமமான தணிப்பு மீடிறனோடு கூடுமாதலின், செக்கனுக்கு 15 அலைவுகள் நிகழும் உயர்வகைக்கு அது 15 சதவீதமாகிவிடுகின்றது. அணையின் மேற்பகுதியை உதறும் அசைவுகளிற் கணிசமானவை இவ்வுயர்வகைகளைச் சார்ந்தவை.

இதனினும் பெரிய குறை கீறல் தோன்றியபின் வெளிப்படுகின்றது. கீறிய இடத்தில் விறைப்பு இல்லாது போகின்றது. கணனியும் விறைப்பைக் குறைத்துவிடுகின்றது. ஆனால் தணிப்புத் தாயம் தொடக்கத்திலிருந்த விறைப்பைக் கொண்டு ஒருமுறை அமைக்கப்பட்டு அப்படியே விடப்பட்டால், கீறிய இடத்திலும் பழைய தணிப்பி நின்றுகொண்டேயிருக்கும். அதன் விளைவைக் கணித்துப் பார்க்கலாம். யங்கின் மட்டு 31 கிகாபஸ்கால். அதனைப் பீற்றாவாற் பெருக்கினால் ஏறத்தாழ 100 மெகாபஸ்கால்-செக்கன் வருகின்றது. கணிப்புக்காக எடுத்த கூறு ஒன்று 1 மீற்றர் நீளமுடையது எனவும், அதிலுள்ள கீறல் செக்கனுக்கு 29 மில்லிமீற்றர் வேகத்தில் திறக்கின்றது எனவும் கொள்வோம். விகாரவீதம் 0.029, தணிப்பியின் தகைப்பு 2.9 மெகாபஸ்கால். இக்கணிப்புகளிற் கொயினாக் கொங்கிறீற்றின் இழுவைவலிமையாகக் கொள்ளப்படும் பெறுமானமும் ஏறத்தாழ இதுவே.

அஃதாவது, உடைந்த கொங்கிறீற்றை உடையாத கொங்கிறீற்றின் வலிமையோடு கட்டிப்பிடித்து வைத்திருக்கும் விசையொன்றைக் கணிப்பவர் அறியாமலே புகுத்திவிட்டார். அணையில் அத்தகைய பசை கிடையாது. கீறல் மெல்லத் திறக்கும், குறுகி நிற்கும், ‘அணை தாங்கும்’ என்று விடை வரும். கணிப்பில் எண்கணிதப் பிழை ஒன்றும் இல்லை. பிழை மாதிரியுருவில் இருக்கின்றது. கலிபோர்னியாத் தொழினுட்பக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஹோல் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், றேலித் தணிப்பை ஆராயாது பயன்படுத்துவதனால் விளையும் இத்தகைய பொய்விசைகளை விரிவாகச் சுட்டிக்காட்டினார்.

ஒரே சக்தியை இருமுறை கழித்தல் மற்றொரு குறையாகும். கட்டடங்களை அளந்து பெற்ற 5 சதவீதம் போன்ற எண்களில் நுண்கீறல்களின் உராய்வும் அடங்கியிருக்கும். கீறலையும் நெளிவையும் கணனியிலே தனியாக மாதிரியுருப்படுத்தியபின், அதே 5 சதவீதத்தையும் மேலதிகமாகச் சேர்த்தால் ஒரே இழப்பு இருமுறை கணக்கில் வருகின்றது. அப்போதும் பிழை பாதுகாப்பாகத் தோன்றும் பக்கமே சாய்கின்றது.

கணனி தின்னும் சக்தி

பொருளாலன்றிக் கணிப்பு முறையாலும் சக்தி இழக்கப்படலாம். நேரத்தைச் சிறு படிகளாக்கி முன்னேறும் முறைகளுள் நியூமார்க் 1959 இல் வகுத்தது பெருவழக்காயிற்று. அதன் ஒரு வடிவம் சக்தியை இழக்காது காக்கும். வேறு வடிவங்கள் உயர் மீடிறன்களைச் சிதைக்கும். 1977 இல் ஹில்பர், ஹியூஸ், ரெய்லர் ஆகியோர், வேண்டாத உயர் மீடிறன் நடுக்கங்களை மாத்திரம் வேண்டுமென்றே ஒடுக்கும் முறையொன்றை அமைத்தனர். அது பயனுள்ளது. ஆயினும் நேரப்படியைப் பெரிதாக்கினால் ஒடுக்கலும் பெரிதாகும். பொருளுக்கு உரியதல்லாத தணிப்பு விடையிற் கலந்துவிடும். நேரப்படியைப் பாதியாக்கி மீண்டும் கணித்து, இரு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இதற்குரிய எளிய சோதனை.

இவையனைத்துக்கும் பொதுவான காவல் ஒன்று உண்டு. வணிகன் நாள் முடிவிற் கணக்கு முடிப்பதைப் போன்று சக்திக்கும் கணக்கு முடித்தல் வேண்டும். புறவிசை கொடுத்த சக்தி எவ்வளவு. அதில் இயக்கத்தில் நிற்பது எவ்வளவு. விகாரத்திற் சேமிக்கப்பட்டது எவ்வளவு. கீறலில் இழக்கப்பட்டது எவ்வளவு. தணிப்புத் தாயம் விழுங்கியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டவேண்டும். தணிப்புத் தாயம் பெரும்பங்கை விழுங்கியிருப்பின், அந்த விடை கட்டமைப்பைப் பற்றியதன்று. கணிப்பவர் தெரிவுசெய்த எண்ணைப் பற்றியதாகும்.

குடாநாட்டு நிலைமை

யாழ்ப்பாணக் குடாநாடு கொயினாவைப் போன்று பூமியதிர்ச்சி கண்ட இடமன்று, பேரணைகளும் இங்கில்லை. ஆயினும் அசையும் சுமைகள் நமக்குப் புதியன அல்ல. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைத் தாக்கியே பாக்கு நீரிணைக்குச் சென்றது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் வடமராட்சி கிழக்குக் கரையை அழித்தது. உயர்ந்த நீர்த்தாங்கிகளும் 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலமும் காற்றுக்கும் வாகனங்களுக்கும் நாள்தோறும் அதிர்வன.

நமது நிலைமைக்குச் சிறப்பாக உரிய சிக்கல் வேறொன்று. இங்கு மக்கள் வாழும், கற்கும், வழிபடும் கட்டடங்களிற் பல போரிற் சேதமுற்றுத் திருத்தப்பட்டவை. 1981 இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புனரமைக்கப்பட்ட பொதுநூலகத்தை யாவரும் அறிவர். அறியப்படாத பள்ளிக்கூடங்களும் வீடுகளும் எத்தனையோ. தீயில் வெந்த கொங்கிறீற்றிலும், அதிர்ச்சியாற் கீறிப் பின் பூசி மறைக்கப்பட்ட சுவரிலும் நுண்கீறல்கள் மிகுதி. அத்தகைய கட்டடத்தை அளந்தால் தணிப்பு உயர்வாகவே வரக்கூடும். அவ்வுயர்ந்த எண்ணைக் கணிப்பிலிட்டு, ‘இது நன்கு தணிக்கும் கட்டடம், ஆகவே பாதுகாப்பானது’ என்று முடிவு கூறினால், கீறிய பானையை ஒலி அடங்கியதற்காக மெச்சி வாங்கியவர் நிலையையே அடைவோம். பூச்சுக் கீறலை மறைக்கும், அதிர்வை ஏமாற்றாது.

பொருட்களும் நமக்கே உரியன. சுண்ணச்சாந்தினாற் கட்டிய வெள்ளைக்கற் சுவர், நெடுந்தீவின் முருகைக்கல் மதில், பனைத் தீராந்தியும் பனஞ்சிலாகையும் தாங்கும் ஓட்டுக்கூரை ஆகியவற்றுக்கு மேலைநாட்டு உருக்குச் சட்டகத்தில் அளந்த தணிப்பு விகிதத்தைச் சூட்டுதற்கு எவ்வித நியாயமும் இல்லை. மரம் ஈரத்தோடு தணிப்பை மாற்றும். சுண்ணச்சாந்து வயதோடு மாற்றும். மாரியில் அளந்ததும் கோடையில் அளந்ததும் ஒன்றாக இரா.

அளத்தல் இயலாத காரியமன்று. ஆர்முடுகலை உணரும் கருவி இன்று சாதாரணக் கைத்தொலைபேசியிலும் உண்டு. நீர்த்தாங்கியின் உச்சியிலோ கூரைத் தளத்திலோ உணரியை வைத்து, காற்றினாலும் போக்குவரத்தாலும் எழும் இயல்பான அதிர்வைப் பதிந்து, இயல்பு மீடிறனையும் தணிப்பையும் பிரித்தெடுக்கலாம். சிறிய அதிர்வுகளுக்குத் தொலைபேசியின் உணரி போதாதாயின் பல்கலைக்கழக ஆய்வுகூடக் கருவியை நாடலாம். அளக்கும்போது சில விதிகளைப் பேணுதல் இன்றியமையாதது. நீர்த்தாங்கியாயின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். தளும்பும் நீரே சக்தியை உறிஞ்சும். வீச்சத்தையும் குறிக்கவேண்டும், சிறிய ஆட்டத்தில் அளந்த தணிப்பு பெரிய ஆட்டத்துக்கு ஆகாது. தணிப்பை மாத்திரம் கொண்டு முடிவு கூறாது மீடிறனையும் உடன் நோக்கவேண்டும். தணிப்புக் கூடி மீடிறன் குறைந்திருப்பின், விறைப்பு அழிகின்றது என்று ஐயுறுதற்கு இடமுண்டு. ஆண்டுதோறும் அளந்து ஒப்பிடும்போதே அவ்வையம் வலுப்பெறும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நேரத்தின்படி கட்டமைப்பைக் கணிப்போருக்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. தணிப்புப் பெறுமானம் எங்கிருந்து வந்தது என்பதை அறிக்கையில் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அப்பெறுமானத்தைப் பாதியாக்கியும் இரட்டித்தும் கணித்து, முடிவு மாறுகின்றதா என்று காட்டுதல் வேண்டும். கீறலைப் பின்தொடரும் கணிப்பில், கீறிய இடத்தில் விறைப்போடு தணிப்பும் குறையும்படி செய்தல் வேண்டும். இயலுமாயின் றேலியின் தாயத்தை விடுத்து, பொருளின் நினைவைக் கூறும் மாதிரியுருவைக் கைக்கொள்ளுதல் வேண்டும். இறுதியிற் சக்திக் கணக்கை முடித்துக் காட்டுதல் வேண்டும்.

ஒரு கட்டடம் பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு விடை கூறுவோர் சிலர். அவ்விடையின் கீழ் உறங்குவோர் பலர். அவர்கள் தாயங்களை அறியாதவர்கள். கணிப்பில் இடப்பட்ட எண்ணை வினாவ வழியற்றவர்கள். ஆகவே அவ்வெண்ணை வெளியே கொண்டுவந்து வைப்பது கணிப்பவரின் கடன். நமது கட்டடங்களின் தணிப்பை நாமே அளந்து, தமிழிற் பதிந்து, எவரும் பார்க்கத்தக்க தொகுப்பாக்குவது பல்கலைக்கழக மாணவர் ஓராண்டிலேயே தொடங்கக்கூடிய பணியாகும். அத்தொகுப்பு உருவாகும்வரை, பிறநாட்டுக் கையேட்டிலிருந்து எடுத்த 5 சதவீதத்தை அறிவென்று கொள்ளாது, ஊகமென்றே கூறுதல் நேர்மையாகும்.